ஆவணி அக்கா சொன்னதும் ஐப்பசி அக்கா சொன்னதும்

அரியலூர்
3.9.1979

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை மலர்கொடி எழுதுவது. இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மாவுக்கு என்னைப் பற்றிய கவலை, மற்றபடி வீட்டில் எல்லோரும் சுகம். அங்கே மாமா, உன் மாமியார், கமலவேணிக் குட்டி எல்லோரும் எப்படி இருக்கிறார்கள்? நீ எப்படி இருக்கிறாய் என்று தனியாகக் கேட்கிறேன். ஆடிக்கு வந்தபோதே உன் முகம் சரியில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆண்டிமடத்திலிருந்து ஓர் இடம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை பெயர் சாமிதுரை. பள்ளிக்கூட வாத்தியார், கொஞ்சம் முந்திரிக்காடும் உண்டு. இந்த மாதக் கடைசிக்குள் பெண் பார்க்க வருகிறார்கள். முதலில் வந்தவர்கள், "பொண்ணு பனமரம் கணக்கா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனதும், அடுத்து வந்த பாடாலூர்க்காரர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் பதிலே சொல்லாததும் உனக்குத் தெரியும். "மூணாவதும் தட்டிப்போச்சுன்னா ஊரு வாயி சும்மா இருக்காதுடி" என்று அம்மா உட்கார்ந்தாலும் எழுந்தாலும் புலம்புகிறாள்.

ஆகவே என்னைக் குட்டையாக்க எல்லோரும் சேர்ந்து பாடுபடுகிறார்கள். பெரிய கட்டம் போட்ட மொடமொடப்பான நூல் சேலை கட்டினால் உடம்பு பூசினாற்போல் இருக்கும் என்கிறாள் அம்மா. ஆபீசில் என் பக்கத்து மேசை ஜானகி திருச்சிக்காரி அல்லவா, அவள் கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். "ஒட்டடக் குச்சிக்குப் போர்வ போத்துன மாதிரி இருக்கும்பா. நைலக்ஸ் கட்டு, அதுதான் உடம்போட படிஞ்சு விழும்" என்கிறாள். அவள் கொடுத்த வாரப் பத்திரிகையில், உயரமான பெண்கள் சேலை ஒரு நிறம், ஜாக்கெட் ஒரு நிறம் போட்டால் உயரம் பாதியில் வெட்டுப்படும் என்று போட்டிருந்தது. அடுத்த வாரமே அதே பக்கத்தில், உயரமானவர்கள் மேலும் கீழும் ஒரே நிறம் உடுத்தினால்தான் கம்பீரம் என்று வந்தது. இரண்டையும் எழுதியது ஒரே அம்மாள். புருஷனோடு சண்டை போட்ட வாரம் எது, சமாதானமான வாரம் எது என்று தெரியவில்லை.

நீதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அப்பா தீபாவளிக்கு ஒரே பீசில் துணி எடுத்து நம் இருவருக்கும் தைக்கக் கொடுப்பாரே, நினைவிருக்கிறதா? உனக்குத் தைத்தால் மிச்சம் விழும், எனக்குப் பற்றாது. உன் மிச்சத்தை என் பாவாடைக்குக் கீழே ஒட்டுப் போட்டு, நீ முக்காலி மேல் ஏறி நின்று எனக்குத் தலை பின்னி அனுப்புவாய். தெருவே "நெட்டையும் குட்டையும் கெளம்பிட்டாங்க" என்று சிரிக்கும். நீ உடுத்திவிட்ட நாட்களில் எனக்கு இந்தக் கவலையே இருந்ததில்லை.

முடிந்தால் அந்த நாளுக்கு நீயே வந்துவிடு. முப்பது கிலோமீட்டர் ஒரு தூரமா? மாமாவுக்கு வணக்கம். குட்டிக்கு முத்தம்.

உன் நெட்டை,
மலர்கொடி

பெரம்பலூர்
9.9.1979

அன்புத் தங்கை மலருக்கு,

சிந்தாமணி எழுதுவது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அப்பாவின் முழங்காலுக்கு நொச்சித் தழையை வதக்கி ஒத்தடம் கொடுக்கச் சொல்.

தீர்ப்பு கேட்டாய், சொல்கிறேன். பத்திரிகைக்காரி உன்னைப் பார்த்ததில்லை, ஜானகி தன்னைத் தவிர யாரையும் பார்த்ததில்லை. இரண்டு பேரையும் விட்டுத் தள்ளு. உயரத்தை மறைக்கத்தான் வேண்டும். பெரிய கரை வைத்த சேலையாக எடு. கரையைப் பார்க்கிற கண் ஆளைப் பார்க்காது. ஜாக்கெட் வேறு நிறமாக இருக்கட்டும். பின்னலைத் தாழ்த்திப் போடு, கொண்டை கூடவே கூடாது. செருப்பே வேண்டாம். முக்கியமாக, அவர்கள் உள்ளே நுழையும் முன்பே பாயில் உட்கார்ந்துவிடு. கும்பிடுவதையும் உட்கார்ந்தபடி கும்பிடு. உட்கார்ந்தால் எல்லோரும் ஒரே உயரம்தான்.

சிரிக்காதே. உடம்பை மறைப்பதில் எனக்குப் பதினாலு வயதிலிருந்து அனுபவம். தாவணி போட்ட நாள் முதல் புத்தகக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன். புத்தகம் இல்லாத நாளில் சாப்பாட்டுத் தூக்கு. கூனல் விழுந்துவிடும் என்று பாவாடை டைலர்கூடத் திட்டுவார். பெயர்தான் பாவாடை, ஜாக்கெட் தைப்பதில் அந்த மனிதரை மிஞ்ச ஆளில்லை. என் குண்டு உடம்பை ஒரு மாதிரி அடக்கித் தைக்க அவரால்தான் முடியும். இங்கே ஒருத்தருக்கும் அந்தக் கை வரவில்லை.

பெண் பார்க்கும் நாளுக்கு என்னால் வர முடியாது. மாமாவோடு ஒரு வேலையாகத் திருச்சிக்குப் போகிறேன், திரும்பக் கொஞ்ச நாள் ஆகும். பதில் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதே. இந்த இடத்தை நழுவவிடக் கூடாது, மலர். நான் சொன்னபடி செய்.

அம்மா அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

சிந்தாமணி

அரியலூர்
27.9.1979

அன்புள்ள அக்கா,

திருச்சிப் பயணம் நல்லபடியாக முடிந்ததா? அப்படி என்ன வேலை? மலைக்கோட்டை ஏறினாயா, கமலவேணிக்கு என்ன வாங்கிக் கொடுத்தாய், ஒன்று விடாமல் எழுது. இங்கே முழங்கால் தேவலை. ஒத்தடத்துக்கு உனக்கு நன்றி சொல்லச் சொன்னார் அப்பா.

வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நீ சொன்னபடியே அரக்குக் கரை, பச்சை ஜாக்கெட், தாழ்ந்த பின்னல். காலையிலிருந்தே பாயில் உட்கார்ந்திருந்ததில் எனக்குக் கால் மரத்துப்போனதுதான் மிச்சம். மாப்பிள்ளையின் அம்மா இருசம்மாள் என்பவர் லேசுப்பட்டவரல்ல. எல்லாம் பேசிவிட்டு, "ஒரு சொம்பு தண்ணி கொண்டாம்மா" என்றார் என்னைப் பார்த்து. எழுந்தேன். முழங்காலை மடக்கி மடக்கி அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தேன். அம்மாவுக்கு முகம் பேயறைந்தது போல் ஆகிவிட்டது. அந்த அம்மாள் தண்ணீரைக் குடித்துவிட்டு, "காலுல எதுவும் கொறையா?" என்றார்!

அப்போது அவர் சிரித்தார். அவர் என்றால் அவர்தான், உனக்கா சொல்ல வேண்டும். "கொறையில்லம்மா, நெறையத்தான் இருக்கு. நிமிந்தே நடக்கச் சொல்லு" என்றார். என்னைவிட ஒரு விரற்கடை குட்டையாக இருப்பார் என்று நினைக்கிறேன். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

பதில் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள். உன் கடிதத்தை எதிர்பார்த்து,

மலர்கொடி

அரியலூர்
24.10.1979

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதக் கை வரவில்லை, ஏனென்றால் கோபமாக இருக்கிறேன். போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தீபாவளிக்கும் நீ வரவில்லை. மாமா மட்டும் வந்து வாசலோடு பலகாரத்தைக் கொடுத்துவிட்டு, அவசரம் என்று அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். உனக்கு எடுத்த சேலையை அம்மா மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்திருக்கிறாள். நான் மட்டும் புதுத்துணி உடுத்தித் தெருவில் நடந்தேன். "எங்க குட்டைய காணும்?" என்று கேட்காத வாய் இல்லை.

நல்ல செய்தியும் இருக்கிறது. ஆண்டிமடத்தில் சரி என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் தை பிறந்துதான் நிச்சயம் என்கிறார் இருசம்மாள் அத்தை. அவர்களுடைய மூத்த மருமகளுக்கு வலிப்பு நோய் இருந்ததை மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்களாம். அந்தப் பெண் அடுப்பங்கரையில் விழுந்து கையெல்லாம் வெந்துபோய்த் தாய் வீட்டுக்குப் போனவள் திரும்பவே இல்லையாம். அதனால், "ஒங்க வம்சத்துல யாருக்காவது சீக்கு கீக்கு உண்டான்னு ஒளிக்காம சொல்லிப்புடுங்க" என்று அப்பாவிடம் முகத்துக்கு நேராகவே கேட்டார். "எங்க வம்சத்துல தலவலிக்குக்கூட ஆஸ்பத்திரி போனதில்ல" என்று அப்பா மீசையைத் தடவினார்.

நிச்சயத்துக்காவது வந்து சேர். வராவிட்டால் நான் அங்கே வந்து உன்னைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வருவேன்.

மலர்கொடி

பெரம்பலூர்
30.10.1979

மலருக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. எழுத்து கோணல் மாணலாக இருந்தால் பேனாவைத் திட்டு, என்னைத் திட்டாதே. எல்லோரும் சுகம். கமலவேணிக்கு மட்டும் அம்மை போட்டிருக்கிறது. வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறோம். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அம்மை போட்ட வீட்டுக்கு யாரும் வரக் கூடாது, நாங்களும் எங்கும் போகக் கூடாது என்று உனக்குத் தெரியும். நான் எழுதும்வரை நீயோ அம்மாவோ கிளம்பி வந்துவிடாதீர்கள்.

பஸ் கண்டக்டரிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். இரண்டு ஜாக்கெட் துணியும் என் பழைய அளவு ஜாக்கெட்டும் இருக்கும். பாவாடை டைலரிடம் கொடு. கழுத்து ஏறியிருக்க வேண்டும். கை முழங்கை வரை. இடது அக்குள் இரண்டு விரல் தளர்வாக. இடது முன்பக்கம் சுருக்கே பிடிக்க வேண்டாம், தட்டையாக விடச் சொல். வலது பக்கம் எப்போதும் போல. அளவு ஜாக்கெட்டில் நூல் ஓட்டிக் காட்டியிருக்கிறேன்.

ஆண்டிமடம் செய்தி படித்து எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. நிச்சயத்தன்று என்ன உடுத்துவது என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். நான் முன்பு சொன்னதை மறந்துவிடு. கரையும் வேண்டாம், வெட்டும் வேண்டாம். உனக்குப் பிடித்த ஒரே நிறத்தில் கட்டு. நிமிர்ந்து நில். கொண்டை போட ஆசையாக இருந்தால் கொண்டையே போடு. கடவுள் கொடுத்த உடம்பு முழுசாக இருக்கும்போது அதை ஒளிப்பது போலப் பாவம் வேறில்லை.

எல்லோருக்கும் என் அன்பு.

சிந்தாமணி

அரியலூர்
14.11.1979

அன்புள்ள அக்காவுக்கு,

குட்டிக்கு அம்மை எந்த அளவில் இருக்கிறது? அம்மா மாரியம்மனுக்கு மாவிளக்கு போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டிய நாளிலிருந்து நம் வீட்டில் தாளிப்பதில்லை. கருவாட்டுக்காரி தெருவுக்குள் நுழைந்தாலே விரட்டுகிறாள். ரசம் என்று வெந்நீரை ஊற்றுகிறாள். அப்பா ஒரு நாள் பொறுக்க முடியாமல், "பெரம்பலூர்ல அம்ம போட்டா அரியலூர்ல எதுக்குடி நான் பட்டினி கெடக்கணும்?" என்றார். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பொட்டலம் வந்தது. அதைப் பிரித்தபோது அம்மா ஒன்று சொன்னாள். "அம்ம போட்ட வூட்டுலேருந்து உப்புகூட வெளிய குடுக்க மாட்டாங்க. துணியப் போயி குடுத்துவுடுவாளா?" என்று அந்த ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். டவுனில் இருப்பவர்கள் அதெல்லாம் பார்ப்பதில்லை என்று சொல்லி நான் வாங்கிக்கொண்டு போனேன்.

பாவாடை டைலர் நீ ஓட்டிய நூலைப் பார்த்ததும் சிரித்தார். "ஒரு பக்கம் சுருக்கு, ஒரு பக்கம் தட்டையா? சிந்தாமணி தூக்கத்துல நூலு ஓட்டுச்சா? அது ஒடம்பு அளவு என் கையில இருக்கும்மா" என்று நூலையெல்லாம் உருவிப் போட்டுவிட்டார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. பழைய அளவில் அழகாகத் தைத்துக் கொடுத்திருக்கிறார். இத்துடன் அதே கண்டக்டரிடம் அனுப்புகிறேன். போட்டுப் பார்த்து எழுது.

ஒரு சந்தேகம். உயரத்தை மறை என்றாள் ஆவணி அக்கா. மறைக்காதே, பாவம் என்கிறாள் ஐப்பசி அக்கா. பத்திரிகைக்காரியாவது ஒரு வாரத்தில் மாற்றினாள், நீ இரண்டு மாதம் எடுத்துக்கொண்டாய். நான் எந்த அக்கா சொல்வதைக் கேட்பது?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
மலர்கொடி

பெரம்பலூர்
26.11.1979

அன்பு மலர்,

அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றியாயிற்று. அம்மாவைத் தாளிக்கச் சொல், இன்றைக்கே தாளிக்கச் சொல். எனக்காக அவள் நாக்கைக் கட்ட வேண்டாம்.

ஜாக்கெட் இரண்டும் நன்றாகப் பொருந்தின. டைலருக்கு நன்றி சொல்.

நீ அந்த ஒரே பீஸ் துணியைப் பற்றி எழுதியதிலிருந்து எனக்கும் அதே நினைவு. ஊதாவில் வெள்ளைப் பூ போட்ட துணி ஒன்று எடுத்தாரே, அந்த வருஷம் நான் பெரிய மனுஷியாகியிருந்தேன். உன்னோடு ஒரே மாதிரி உடுத்தித் தெருவில் நடக்க வெட்கமாக இருந்தது. என் பங்கைத் தூக்கி மூலையில் வீசினேன். நீ அன்றைக்கு முழுதும் உன் புதுசை உடுத்தாமல், பழைய கவுனோடு என் பின்னாலேயே சுற்றினாய். சாயங்காலம் இருவரும் உடுத்திக்கொண்டு கடைத்தெரு வரை போய்விட்டு வந்தோம். அந்த நடை எனக்கு இப்போது வேண்டும் போல் இருக்கிறது. கையில் புத்தகம் இல்லாமல், கையை வீசிக்கொண்டு.

எந்த அக்கா என்று கேட்டாய். ஐப்பசி அக்காவைக் கேள். ஆவணி அக்காவுக்கு ஒன்றும் தெரியாது.

கல்யாணத்தைத் தையிலேயே முடிக்கப் பாருங்கள், தள்ளிப் போட வேண்டாம். நிச்சயத்துக்கு என்னால் வர முடியாது போலிருக்கிறது. மாமாவுக்கு லீவு கிடைப்பது கஷ்டம். காரணம் கேட்டால் அதையே சொல்லுங்கள்.

சிந்தாமணி

அரியலூர்
10.12.1979

அக்கா,

பெரம்பலூரிலிருந்து நல்லபடியாக வந்து சேர்ந்தோம். அம்மா வீட்டுக்கு வந்ததும் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, அதில் எதையும் ஏற்றாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

உன் எதிரில் எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நீ சொன்னதை நானே ஒரு முறை எழுதிப் பார்த்தால்தான் நம்ப முடிகிறது. ஆடி மாதம் குளிக்கும்போது இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. புரட்டாசியில் திருச்சி ஆஸ்பத்திரியில் அந்த மார்பையே முழுசாக எடுத்துவிட்டார்கள். எடுத்த இடத்தில் கதிர் பாய்ச்சுவதைக் கரண்ட் வைப்பது என்கிறீர்களே, இப்போது அதற்கு மாமா உன்னைக் கூட்டிக்கொண்டு போய் வருகிறார். கமலவேணிக்கு அம்மையே போடவில்லை. நான் முழங்காலை மடக்கி நடந்த கதையை எழுதி, மலைக்கோட்டை ஏறினாயா என்று கேட்டபோது நீ கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாய்.

அன்று காலை அம்மா திடீரென்று, "அம்ம போட்டவ துணி குடுத்துவுட மாட்டா. எனக்கு மனசு சரியில்ல, கெளம்புடி" என்றாள். நான் கேலி செய்துகொண்டேதான் பஸ் ஏறினேன். கொல்லையில் நீ மாமாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாய். உன் மாமியார் உன் இடது கையைப் பிடித்துத் தூக்குவதும் இறக்குவதுமாக, "இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சந்தான் கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாளை நான் கடுகடுப்புக்காரி என்று எத்தனை முறை உனக்கு எழுதியிருக்கிறேன்!

"எத்தன நாளு தாளிக்காம தின்னேன்டி, பாவி! எங்கிட்ட சொல்லாம என்னா வேலடி செஞ்ச?" என்று அம்மா உன்னை அடித்ததும், அடித்த கையாலேயே கட்டிக்கொண்டதும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. உள்ளே கொடியில் பாவாடை டைலர் தைத்த ஜாக்கெட் தொங்கியது. இடது பக்கத்துக்குள் குட்டியின் பழைய கவுன் ஒன்றை மடித்து வைத்துத் தைத்திருந்தாய். நூலை உருவ வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நன்றாகப் பொருந்தின என்று எழுத உனக்கு எப்படி மனது வந்தது?

தாலி கட்டும்வரை ஆண்டிமடத்துக்குத் தெரியக் கூடாது என்று நீ கேட்டாய். நானும் தலையாட்டினேன். ஆனால் அக்கா, என்னால் முடியுமென்று தோன்றவில்லை.

உன் மலர்

பெரம்பலூர்
14.12.1979

மலர்,

கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், சொல்லிவிடாதே.

அந்த அம்மாள் வாய்விட்டுக் கேட்டிருக்கிறார், வம்சத்தில் சீக்கு உண்டா என்று. இந்தச் சீக்கின் பெயரைச் சொன்னால் இரத்தத்தில் வருவது என்பார்கள். அக்காவுக்கு வந்தது தங்கைக்கு வராதா என்பார்கள். பிறகு ஆண்டிமடம் மட்டுமல்ல, ஆண்டிகூட நம் வாசலை மிதிக்க மாட்டான். நான் தீபாவளிக்கு வராததும், அம்மன் பெயரில் பொய் சொன்னதும் எதற்காக என்று நினைத்தாய்? ஒரு பக்கமாக நான் வந்து நின்றால் எவளாவது ஒருத்தி கண்டுபிடித்துவிடுவாள். இந்த ஊர்ப் பெண்களுக்கு மற்றப் பெண்களின் உடம்பை அளப்பதைத் தவிர வேறு என்ன வேலை?

நெட்டை என்று இரண்டு இடம் போயிற்று. மூன்றாவது என்னால் போக வேண்டுமா? என் உடம்பிலிருந்து அறுத்து எடுத்ததை நான் எப்படியோ தாங்கிக்கொண்டேன். உன் வாழ்க்கை கெட்டால் தாங்க மாட்டேன். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நான் வரமாட்டேன். கல்யாணம் முடிந்தபின் நீங்கள் இருவரும் விருந்துக்கு இங்கே வாருங்கள், கண் நிறையப் பார்த்துக்கொள்கிறேன்.

கமலவேணி மேல் ஆணையாகக் கேட்கிறேன்.

அக்கா

அரியலூர்
8.1.1980

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. முழுதும் படித்துவிட்டுத் திட்டு. குட்டி மேல் ஆணை வைத்தது உன் தப்பு, அதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை.

முகூர்த்தச் சேலைக்கு ஜாக்கெட் தைக்க அளவு ஜாக்கெட் வாங்கிப் போக, மார்கழி பிறந்ததும் இருசம்மாள் அத்தை வந்தார். அவர் வருவது எனக்குத் தெரியாது. பழைய சுங்குடி, சீவாத தலை, கையெல்லாம் கோலமாவு. கரையும் வெட்டும் ஒரு பக்கம் கிடக்கட்டும், முகம்கூடக் கழுவவில்லை. அளவு ஜாக்கெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கொடுக்கும்போது உன் ஞாபகம் வந்துவிட்டது. நிமிர்ந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்ன சீக்கு, எந்தப் பக்கம், எப்போது எடுத்தார்கள், எல்லாம். அப்பா கூடத்திலிருந்து "ஏய்!" என்று கத்தினார். அந்த அம்மாள் ஜாக்கெட்டை அப்படியே பாயில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

பிறகு இருபது நாள் ஒரு தகவலும் இல்லை. அப்பா என்னோடு பேசவில்லை. ஜானகிகூட, "வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்பா" என்றாள். நான் செய்தது சரி என்று சொன்னது அம்மா ஒருத்திதான். அதையும் அழுதுகொண்டேதான் சொன்னாள். நானும் அழுதேன், அக்கா. இடம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்தது அடிக்கடி ஞாபகம் வந்தது.

நேற்று இருவரும் வந்தார்கள், அத்தையும் அவரும். அத்தை அதே பாயில் உட்கார்ந்து அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "எங்க வூட்டுல ரெண்டு பக்கமா பேசினாங்க. எம் பெரிய கொழுந்தனாரு இந்தச் சம்பந்தம் வேணாம், கல்யாணத்துக்கே வரமாட்டேன்னுட்டாரு. வராட்டி போறாரு. மறச்ச எடத்துல ஒருதரம் எடுத்துப் பட்டுட்டேன். சொன்ன எடத்த எப்புடி வுடறது? சீக்கு யாருக்கு எப்ப வரும்னு யாரு கண்டா, எனக்கே நாளைக்கி வரலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு. அந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு வரணும். மறஞ்சு நிக்கக் கூடாது. ஒங்க அக்கா வந்தாத்தான் தாலி, சொல்லிப்புடு."

கூட வந்த அவர் போகும்போது, "ஒங்க அக்காவ நான் கேட்டதா சொல்லுங்க" என்றார்.

தை இருபத்திரண்டு முகூர்த்தம், முதல் நாள் மாலை நிச்சயம். இனி எல்லாம் உன் கையில். வா, அக்கா. நீ வராமல் நான் மணவறைக்குப் போகமாட்டேன்.

மலர்கொடி

பெரம்பலூர்
25.1.1980

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் உன்னைத் திட்டினேன். பிறகு திட்டுவதற்கு வார்த்தை தீர்ந்துவிட்டது. கரண்ட் வைப்பது முடிந்தது. மறுபடி மூன்று மாதம் கழித்து வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். என்ன சொல்வார்களோ தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. உன்னிடம் இனி இல்லை என்று எழுதப்போவதில்லை.

வருகிறேன். முகூர்த்தத்துக்கு முதல் நாளே எல்லோரும் வருகிறோம்.

அந்த ஜாக்கெட்டிலிருந்து கவுனை இன்று பிரித்து எடுத்துவிட்டேன். என் மாமியார் பார்த்துவிட்டு, "அப்புடியேவா போப்போற, ஊரு பாக்குமே கண்ணு?" என்றார். பார்க்கட்டும் என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு எந்தச் சேலை, எந்த நிறம் என்று நீ யோசனை எழுதி அனுப்பாதே. அம்மாவும் அனுப்ப வேண்டாம். உன் முகூர்த்தச் சேலைக்கும் நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை, உன் இஷ்டம்.

ஒன்று மட்டும் எனக்கு வேண்டும். மணப்பெண்ணின் அக்காதான் வாசலில் நின்று வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிப்பது நம் வழக்கம். நான் இல்லை என்று அம்மா வேறு யாரிடமாவது சொல்லிவைத்திருப்பாள். வேண்டாம் என்று சொல்லிவிடு. அந்தச் சொம்பை எனக்கு எடுத்து வை. இடது கை இன்னும் தோளுக்கு மேல் எழவில்லை. பன்னீர் தெளிக்க வலது கை போதும். வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் முதலில் என்னைப் பார்த்துவிட்டு, பிறகு உள்ளே வந்து உன்னைப் பார்க்கட்டும்.

உன் அக்கா,
சிந்தாமணி